ஆப்பிரிக்காவின் வழக்காற்று நீதிமன்றங்களில் பெண்களின் சொத்துரிமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலம், வீடு, மாடு என்று தகராறு வந்தால் ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் மக்கள் ஏறக்கூடிய படிகள் இரண்டு. ஒன்று, கறுப்புக் கோட்டு போட்ட வக்கீல்கள் வாதாடுகிற அரசு நீதிமன்றம். இன்னொன்று, ஊர்த் தலைவர் முன்னால் கூடுகிற வழக்காற்று நீதிமன்றம். அங்கே தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம்தான் சட்டம். கணவனைப் பறிகொடுத்த பெண்ணும், அப்பாவை இழந்த மகளும் முதலில் போய் நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்தில்தான்.

இதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நண்பர்கள் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள், கணக்கில்லாத இனக்குழுக்கள் உள்ள கண்டம் அது. எல்லோருக்கும் பொருந்துகிற ஒரே பதில் கிடையாது. அதனால் போட்ஸ்வானாவையும் தென்னாப்பிரிக்காவையும் நடுவில் வைத்துக்கொண்டு, மற்ற நாடுகளைத் தேவைப்படும் இடத்தில் தொட்டுப் போகிறேன்.

வழக்காற்று நீதிமன்றம் என்றால் நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரியா?

பார்வைக்கு அப்படித்தான் தெரியும். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம் ஊரில் ஆலமரத்தடியில் நாட்டாமை சொல்கிற தீர்ப்புக்குச் சட்ட பலம் இல்லை. போட்ஸ்வானாவில் உண்டு. அங்கே இந்த நீதிமன்றங்களை அமைப்பதற்கென்றே சட்டம் இருக்கிறது, தீர்ப்பு பதிவாகும், அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம்.

அந்த நாட்டில் ஊர் கூடும் இடத்துக்குக் கோட்லா என்று பெயர். மரக்கம்புகளை அரைவட்டமாக நெருக்கி நட்டு வைத்திருப்பார்கள். பக்கத்திலேயே மாட்டுப்பட்டி இருக்கும். தலைவரைக் கோசி என்பார்கள். ஆண்கள் தோல்வார் பின்னிய தாழ்வான மர நாற்காலிகளை வீட்டிலிருந்தே தூக்கிக்கொண்டு வந்து உட்காருவார்கள். வக்கீலுக்கு அங்கே வழக்கமாக இடமில்லை. வழக்காடுபவர் தானே பேச வேண்டும். சுற்றி இருப்பவர்களும் பேசலாம். ‘கோட்லாவில் சொல்லப்படும் எல்லாச் சொல்லும் அழகு’ என்று செட்ஸ்வானா மொழியில் ஒரு பழமொழி உண்டு. யார் என்ன சொன்னாலும் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது அதன் பொருள்.

அந்த ‘யார்’ என்பதில் பெண்களும் சேர்த்தியா?

நெடுங்காலம் சேர்த்தி இல்லை. பெண்ணுக்காக அவளுடைய அப்பாவோ கணவனோ அண்ணனோ பேசுவார்கள். அதே செட்ஸ்வானாவில் இன்னொரு பழமொழி: பசு முன்னே நடந்தால் மந்தை பள்ளத்தில் விழும். பெண் தலைமை கூடாது என்று சொல்ல இதைத்தான் எடுத்து வீசுவார்கள்.

இந்தப் பழமொழிக்கு 2003-ல் ரமோட்ஸ்வா ஊரில் ஒரு பதில் கிடைத்தது. பாலேட்டே இனத்தின் தலைமைக் கோசியாக மொசாடி செபோகோ என்ற பெண்மணி பதவி ஏற்றார். போட்ஸ்வானாவின் முதல் பெண் தலைமைக் கோசி அவர்தான். ‘மொசாடி’ என்றால் செட்ஸ்வானாவில் ‘பெண்’ என்றே அர்த்தம். ஒவ்வொரு முறை அந்தப் பெயரைப் படிக்கும்போதும் எனக்கு மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்துவிடும்.

தென்னாப்பிரிக்கக் கிராமங்களில் வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. கணவன் இறந்தபின் பெண் பல மாதங்கள், சில இடங்களில் ஓராண்டு வரை, துக்க உடையில் இருக்க வேண்டும். அந்தத் துக்க மாதங்களில் ஊர் மன்றத்துக்குள் அவள் கால் வைக்கக் கூடாது என்பது பல இடங்களில் வழக்கம். யோசித்துப் பாருங்கள். வீட்டை யார் எடுப்பது, மாட்டை யார் ஓட்டிக்கொண்டு போவது என்று புகுந்த வீட்டார் பேச ஆரம்பிப்பது அதே மாதங்களில்தான். அவள் துக்கம் முடிந்து வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

வழக்காற்றுச் சட்டப்படி பெண்ணுக்குச் சொத்தே கிடையாதா?

கிடையாது என்று சொல்லிவிடுபவர்கள் அந்த வழக்காற்றைச் சரியாகப் பார்க்கவில்லை.

ஜிம்பாப்வேயின் ஷோனா மக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் பானை வனைந்தோ பாய் முடைந்தோ பிள்ளைப்பேறு பார்த்தோ தன் கையால் சம்பாதித்தது ‘மவோகோ’ சொத்து. ‘கைகள்’ என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். அது அவளுடையது, கணவன் தொடக் கூடாது. மகளுக்குக் கல்யாணம் ஆகும்போது மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் தாய்க்கென்று தனியாக ஒரு பசு தர வேண்டும். அதற்கு ‘அம்மாவின் மாடு’ என்று பெயர். அது பெண்ணின் அப்பாவுக்குச் சேராது. அது போடும் கன்றுகளும் அம்மாவுக்கே. கொடுக்காமல் ஏமாற்றினால் தாய்வழி முன்னோரின் கோபம் இறங்கும் என்று மாப்பிள்ளை வீடே பயப்படும். மற்ற மாடுகளில் பாக்கி வைப்பவர்கள்கூட இந்த ஒன்றில் விளையாட மாட்டார்கள்.

தெற்கு ஆப்பிரிக்காவின் பல இனங்களில் ‘வீட்டுச் சொத்து’ என்ற முறையும் உண்டு. ஒருவனுக்கு இரண்டு மூன்று மனைவிகள் இருந்தால் ஒவ்வொருத்தியும் தனி ‘வீடு’. அந்த வீட்டுக்கென்று ஒதுக்கிய நிலத்தையும் மாடுகளையும் அவளைக் கேட்காமல் இன்னொரு வீட்டுக்கு மாற்றினால் அது குற்றம்; அவள் முறையிடலாம்.

ஆக, உரிமை இருந்தது. ஆனால் எல்லாச் சொத்திலும் இல்லை. பெரிய சொத்தான நிலத்திலும் குடும்ப வீட்டிலும் அவளுக்கு இருந்தது புழங்கும் உரிமை மட்டும்தான். உழலாம், சமைக்கலாம், பிள்ளை வளர்க்கலாம். ஆனால் அது அவள் பேரில் இருக்காது.

‘பெண் எந்த வயதிலும் மைனர்தான்’ என்ற விதி எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1878-ல் ஆங்கிலேயர் ஆண்ட நேட்டாலில், அதாவது இன்றைய குவாசூலு-நேட்டாலில், ‘சுதேசிச் சட்டம்’ என்று ஒரு தொகுப்பை உருவாக்கினார்கள். 1891-ல் அது கட்டாயச் சட்டமானது. பெண் எத்தனை வயதானாலும் ஓர் ஆணின் பொறுப்பில் இருக்கும் மைனர் என்று அதில் எழுதி வைத்தார்கள். பிறகு 1927-ல் வந்த கறுப்பர் நிர்வாகச் சட்டம், உயில் எழுதாமல் இறக்கும் கறுப்பினத்தவரின் சொத்தை ‘வழக்கப்படி’ பிரிக்கச் சொன்னது. வழக்கம் என்றால் அவர்களுக்கு மூத்த ஆண் வாரிசுதான். மனைவி, மகள், இளைய பிள்ளைகள் எல்லாம் அவன் தயவில் இருக்க வேண்டும்.

வழக்கம் என்ன என்று இந்த அதிகாரிகள் யாரிடம் கேட்டார்கள்? தலைவர்களிடமும் ஊர்ப் பெரிய மனிதர்களிடமும். ஆண்களிடம் என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தாய்க்குச் சேர வேண்டிய மாடு பற்றிப் பாட்டிமாரிடம் யாரும் போய்க் கேட்கவில்லை. சூழலுக்குத் தகுந்தபடி பேசி முடிவெடுக்கிற, நெளிவு சுளிவான ஒரு வழக்கம் தாளில் ஏறியதும் விறைத்துப் போனது. அப்புறம் நூறு வருஷம் கழித்து ஒரு பெண் நீதிமன்றம் ஏறினால், ‘இது எங்கள் பண்பாடு’ என்று அந்தத் தாளைத்தான் காட்டினார்கள்.

தென்னாப்பிரிக்க நீதிமன்றங்கள் இன்று இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கின்றன. புத்தகத்தில் இருப்பது ‘அதிகாரபூர்வ’ வழக்காறு. மக்கள் உண்மையில் நடந்துகொள்வது ‘வாழும்’ வழக்காறு. பெண்கள் வென்ற வழக்குகளில் பல, இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டி வென்றவைதான்.

லொபோலா கொடுப்பது பெண்ணை விலைக்கு வாங்குவதுதானே?

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் உடனே இப்படித்தான் நினைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்கு மாடாகவோ பணமாகவோ கொடுப்பது லொபோலா, போட்ஸ்வானாவில் போகாடி. இரண்டு குடும்பங்களுக்கு நடுவே உறவைக் கட்டும் சடங்காகத்தான் பெரும்பாலான பெண்களே அதைப் பார்க்கிறார்கள். ஆனால் தகராறு வந்தால் ‘மாடு கொடுத்துக் கூட்டி வந்தோம், நீயும் உன் உழைப்பும் இந்த வீட்டுக்குச் சொந்தம்’ என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். சடங்கைக் குறை சொல்வதைவிட, அந்தப் பேச்சுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று பார்ப்பதுதான் உருப்படியான வேலை.

கான்யே ஊர் வீட்டு வழக்கு என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

போட்ஸ்வானாவின் தெற்கே கான்யே என்ற பெரிய ஊர். பாங்வாகெட்சே இனத்தின் தலைநகரம். அந்த இனத்தின் வழக்கப்படி, பெற்றோர் குடியிருந்த வீடு கடைசி மகனுக்குப் போகும். மூத்தவர்கள் தனித்தனியாக வீடு கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கடைக்குட்டிதான் கூடவே இருந்து வயதானவர்களைப் பார்த்துக்கொள்வான் என்பது அதன் பின்னால் இருந்த நியாயம்.

எடித் ம்மூசியும் அவருடைய சகோதரிகளும் அந்த ஊரில் பிறந்தவர்கள். எல்லோரும் வயதானவர்கள், வழக்கு உயர் நீதிமன்றம் வந்தபோது எடித்துக்கு எண்பது வயதாகிவிட்டது. பெற்றோர் வீட்டைச் சொந்தக் காசு போட்டு எடுத்துக் கட்டியதும் பராமரித்ததும் இந்தச் சகோதரிகள்தான். ஒருநாள் மருமகன் முறை வரும் உறவினர் ஒருவர் வந்து, ஆண் வழியில் இந்த வீடு எனக்கு வந்துவிட்டது, காலி செய்யுங்கள் என்றார். எண்பது வயதுக் கிழவி தான் பிறந்து வளர்ந்த வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

வழக்கு முதலில் கான்யேயின் வழக்காற்று நீதிமன்றத்தில் நடந்தது. அங்கே தோற்றார்கள். அதற்கு மேலே இருந்த வழக்காற்று நீதிமன்றம், வீடு எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது என்றது. 2010-ல் வழக்காற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளி, உறவினர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரே ஊர், ஒரே வழக்கம், மூன்று படிகள். நடுப்படிக்கு ஒரு வழக்கம் தெரிந்திருக்கிறது, மற்ற இரண்டுக்கும் இன்னொன்று. எது உண்மையான வழக்கம் என்று அதைக் காப்பவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

சகோதரிகள் விடவில்லை. அரசு உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சமத்துவத்தை ஏற்கும் மனநிலை இந்தச் சமூகத்துக்கு இன்னும் வரவில்லை என்று அரசுத் தரப்பு வாதாடியது. 2012 அக்டோபர் 12 அன்று நீதிபதி கீ டிங்காகே அதை ஏற்க மறுத்துவிட்டார். பிறக்கத் துடிக்கிற ஒரு புதிய உலகத்துக்கு நீதிபதிகள் மருத்துவச்சியாக நிற்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எழுதினார். அந்த வழக்கம் அரசியல் சட்டத்தின் சமத்துவ உரிமையை மீறுகிறது என்பது தீர்ப்பு.

அப்பீல் போனது. 2013 செப்டம்பர் 3 அன்று நாட்டின் உச்ச அமைப்பான மேல்முறையீட்டு நீதிமன்றமும் சகோதரிகளுக்கே வீடு என்றது. ஆனால் வேறு பாதையில் போனது. அரசியல் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வராமல், வழக்காற்றையே நிதானமாகப் பிரித்துப் பார்த்தது. வழக்கம் தேங்கிக் கிடப்பதில்லை, காலத்தோடு நகர்கிறது. வீடு யாருக்கு என்பதைக் குடும்பம் கூடிப் பேசித்தான் முடிவெடுத்திருக்கிறார்கள். பெண் என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்குவது மனிதத்தன்மைக்கும் இயற்கை நீதிக்கும் பொருந்தாது என்றது. போட்ஸ்வானாவில் வழக்காறு செல்லுபடியாக வேண்டுமென்றால் மனிதத்தன்மைக்கும் இயற்கை நீதிக்கும் முரண்படக் கூடாது என்று ஏற்கெனவே சட்டம் இருந்தது.

எனக்கு இந்த இரண்டாவது பாதைதான் பிடித்திருக்கிறது. அரசியல் சட்டத்தை வைத்து அடித்தால் ‘வெளியிலிருந்து வந்து எங்கள் வழக்கத்தை உடைத்துவிட்டார்கள்’ என்று சொல்ல ஒரு சாக்கு இருக்கும். உங்கள் வழக்கத்திலேயே இவர்களுக்கு இடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டால், கோட்லாவில் உட்கார்ந்திருக்கும் கோசிக்கு அதை மறுப்பது கஷ்டம்.

தென்னாப்பிரிக்காவில் எந்தத் தீர்ப்பு முக்கியம்?

2004 அக்டோபர் 15 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம் சொன்ன ‘பே’ வழக்குத் தீர்ப்பு.

கேப் டவுன் ஓரத்தில் கயெலிட்ஷா என்ற குடியிருப்பு. வீட்டு வேலை செய்யும் நொன்டுபெகோ பே என்ற பெண்ணும், தச்சரான அவருடைய துணைவரும் ஒரு தற்காலிகக் குடிசையில் இருந்தார்கள். அவர்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள். அரசு மானியத்தில் மனை வாங்கி, வீடு கட்டச் சாமான்களும் சேர்த்திருந்தார்கள். 2002-ல் தச்சர் இறந்துபோனார். 1927 சட்டப்படி வாரிசு யார்? மகள்கள் இல்லை. கிழக்கு கேப் பகுதியில் இருந்த தச்சரின் அப்பா. அவர் அந்த இடத்தை விற்று ஈமச்செலவுக்கு வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். குழந்தைகள் தெருவுக்கு வர வேண்டியதுதான்.

பழைய முறையில் ஆண் வாரிசுக்குச் சொத்து மட்டும் போகவில்லை, சுமையும் சேர்ந்தே போனது. இறந்தவரின் மனைவி மக்களைக் காப்பாற்றுவது அவன் கடமை. எல்லோரும் ஒரே வளாகத்தில், ஒரே நிலத்தில் வாழ்ந்த காலத்தில் அது ஓரளவு நடந்தது. குடும்பம் நகரத்திலும் தாத்தா கிராமத்திலும் இருக்கும்போது கடமை கழன்று விழுந்துவிட்டது. சொத்து மட்டும் ஆண் கைக்குப் போனது. நீதிபதி பியஸ் லாங்கா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு இதை விளக்கமாகப் பேசி, மூத்த ஆண் வாரிசு விதியைச் செல்லாது என்றது. இரண்டு சிறுமிகளும்தான் வாரிசுகள் என்று அறிவித்தது.

நீதிபதி ங்கோபோ தனியாக ஒரு தீர்ப்பு எழுதினார். விதியை அடியோடு வெட்டாமல், பெண்களும் வாரிசாகலாம் என்று வழக்காற்றைத் திருத்தி வளர்க்கலாமே என்றார். பெரும்பான்மை அதை ஏற்கவில்லை. திருத்தம் ஊர் ஊராக நடக்கும்வரை இந்தச் சிறுமிகள் காத்திருக்க முடியாது என்ற கவலை நியாயமானதுதான். ஆனாலும் ஒன்பது வருஷம் கழித்துப் போட்ஸ்வானா தேர்ந்தெடுத்த வழி ங்கோபோ சொன்னதற்கு நெருக்கமானது.

விவாகரத்து என்றால் மனைவிக்குப் பங்கு உண்டா?

தென்னாப்பிரிக்காவில் 2000-ல் நடைமுறைக்கு வந்த வழக்காற்றுத் திருமணச் சட்டம், கணவன் மனைவிக்குச் சொத்து பொது என்றது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. எலிசபெத் குமேடே என்பவருக்கு 1968-ல் திருமணம். கணவர் அவரை வேலைக்குப் போக விடவில்லை. அவர் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். முப்பது வருஷத்துக்கும் மேல் கழித்து விவாகரத்து என்று வந்தபோது குடும்பச் சொத்து முழுக்கக் கணவருடையது என்றது குவாசூலு-நேட்டாலின் தொகுப்புச் சட்டம். 2008 டிசம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. 2000-க்கு முன்பே பலதார மணத்தில் இருந்த மனைவிகளுக்கும் இதே உரிமை கிடைக்க 2017 வரை ஆனது.

பெண் தனக்கு வந்த நிலத்தை விற்கலாமா?

தான்சானியாவின் ஹயா இனத்தில் ஹொலாரியா பாஸ்டரி என்ற பெண்மணி இதைச் செய்தே காட்டினார். அப்பா உயில் எழுதிக் கொடுத்த குலநிலத்தை 1988-ல் வேறு குலத்தைச் சேர்ந்த ஒருவருக்கு விற்றார். விலை 3 லட்சம் ஷில்லிங். பெண் குலநிலத்தை அனுபவிக்கலாம், விற்க முடியாது என்று 1963-ல் எழுதி வைத்த வழக்காற்று விதி இருந்தது. அதைக் காட்டி, மருமகன் முறை வரும் உறவினர் ஒருவர் வழக்குப் போட்டார். தொடக்க நீதிமன்றத்தில் அவர் ஜெயித்தார். மாவட்ட நீதிமன்றம் மாற்றிவிட்டது. 1990-ல் நீதிபதி ம்வாலுசான்யா, ஆண் விற்கலாம் என்றால் பெண்ணும் விற்கலாம் என்று முடித்துவைத்தார். இத்தனை வருஷம் ஆண்கள் அதே குலநிலத்தை விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பெண்கள் தோற்ற வழக்குகளே இல்லையா?

நிறைய. மறக்கக் கூடாத ஒன்று ஜிம்பாப்வேயின் வெனியா மகாயா வழக்கு. அப்பா உயில் எழுதாமல் இறந்தார். மூத்த மகளான வெனியாவுக்குத்தான் உள்ளூர் நீதிமன்றம் முதலில் வாரிசுரிமை கொடுத்தது. பிறகு தம்பி எதிர்த்தார், தீர்ப்பு புரண்டது. 1999-ல் உச்ச நீதிமன்றமும் தம்பி பக்கமே நின்றது. வழக்காற்றில் பெண்ணின் இடம் சின்னப் பையனுடைய இடம் போன்றது என்ற பேச்சு அந்தத் தீர்ப்பில் வந்தது. குடும்ப விஷயங்களில் வழக்காறு பாகுபாடு காட்டினாலும் கேள்வி கேட்க முடியாது என்று அன்றைய அரசியல் சட்டத்திலேயே ஒரு விலக்கு இருந்தது. அந்த விலக்கை நீக்கிய புதிய அரசியல் சட்டம் 2013-ல்தான் வந்தது.

தான்சானியாவிலேயே 2006-ல் இரண்டு கைம்பெண்கள் வழக்கில், கணவன் சொத்தில் கைம்பெண்ணுக்குப் பங்கு மறுக்கும் வழக்காற்று விதி பாகுபாடானதுதான் என்று உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டுவிட்டு, ஆனால் நாங்கள் கை வைத்தால் ஒவ்வொரு வழக்கமாகக் கேள்விக்கு வரும் என்று ஒதுங்கிக்கொண்டது. பாஸ்டரி ஜெயித்துப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பெண்கள் ஐக்கிய நாடுகளின் பெண்கள் உரிமைக் குழு வரை போனார்கள். 2015-ல் குழு அவர்கள் பக்கம் நின்று, சட்டத்தை மாற்றச் சொன்னது.

தாய்வழிச் சமூகங்களில் பெண்ணுக்குக் கவலை இல்லை, அப்படித்தானே?

ஓரளவுக்குத்தான். மலாவியின் தெற்குப் பகுதியில் நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. கல்யாணமானதும் கணவன்தான் மனைவியின் ஊருக்குக் குடிவருகிறான். இந்த முறைக்குச் சிகாம்வினி என்று பெயர். பிரிந்தால் மூட்டையைக் கட்டுவது அவன். ஆனால் நிலத்தைப் பற்றிய பெரிய முடிவுகளில் தாய்மாமனின் குரலே ஓங்கி ஒலிக்கும்.

கானாவின் அகான் மக்களிடம் தாய்வழி முறை மனைவிக்கே எதிராகத் திரும்பியது. மருமக்கள்தாயம் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மனைவியும் பிள்ளைகளும் கணவனின் தாய்க்குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் இல்லை. அதனால் அவன் சொத்து அவனுடைய சகோதரி மகனுக்குப் போகும். அவனோடு கொக்கோத் தோட்டத்தில் காலமெல்லாம் உழைத்தவள் வெறுங்கையோடு நிற்பாள். 1985-ல் வந்த வாரிசுச் சட்டம்தான் வீட்டையும் வீட்டுச் சாமான்களையும் மனைவி மக்களுக்கு என்று உறுதி செய்தது.

மேற்கே நைஜீரியாவில்?

இக்போ மக்களிடம் மகளுக்கும், ஆண் பிள்ளை இல்லாத கைம்பெண்ணுக்கும் பங்கு மறுக்கும் வழக்கங்களை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 11 அன்று, ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகளில் தள்ளுபடி செய்தது. தீர்ப்பு தெளிவானது. ஆனால் குடும்பத்து ஆண்கள் கூடும் ‘உமுன்னா’ கூட்டத்தில் நிலத்தைப் பிரிக்கும்போது ‘மகளுக்கும் ஒரு பங்கு’ என்று யார் வாய் திறப்பது என்பதுதான் இன்னும் கேள்வி.

உயில் எழுதி வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

பாதி தீரும். பல நாடுகளில் வழக்காற்று நிலத்துக்கு உயில் எடுபடாது, ஏனென்றால் அது தனிமனிதச் சொத்தாகக் கருதப்படுவதில்லை. ஜாம்பியாவில் உயில் இல்லாமல் இறப்பவரின் சொத்தைப் பிள்ளைகளுக்கு 50, மனைவிக்கு 20, பெற்றோருக்கு 20, மற்றவர்களுக்கு 10 சதவீதம் என்று 1989 சட்டம் பிரிக்கிறது. நல்ல சட்டம். ஆனால் வழக்காற்று நிலத்தை அது தொடாது. கிராமத்துப் பெண்ணிடம் இருக்கும் பெரிய சொத்தே அந்த நிலம்தான்.

உயில் இல்லாததைவிட அடிக்கடி பெண்களைக் கவிழ்ப்பது வேறு ஒன்று: ‘நீ அவனுக்கு மனைவியே இல்லை’ என்ற ஒற்றை வாக்கியம். வழக்காற்றுத் திருமணத்தைப் பலர் பதிவு செய்வதில்லை. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி பதிவு செய்யாவிட்டாலும் திருமணம் செல்லும். ஆனால் நடந்தது என்று நிரூபிக்க வேண்டும். அதனால் லொபோலா பேசி முடித்தபோது எழுதிய கடிதம், அன்று எடுத்த படங்கள், பேச்சுவார்த்தைக்கு வந்த பெரியவர்களின் பெயர்கள் எல்லாமே பிற்காலத்தில் பட்டா மாதிரி மதிப்பு பெறுகின்றன. அந்தக் கடிதத்தைப் பெண்ணே பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மாமியார் வீட்டு அலமாரியில் இருந்தால் தேவைப்படும் நேரத்தில் அது கிடைக்காது.

இவ்வளவு சிக்கல் என்றால் ஊர் நீதிமன்றங்களை இழுத்து மூடிவிடலாமே?

அப்படிச் செய்தால் முதலில் அடிபடுவது கிராமத்துப் பெண்கள்தான். அரசு நீதிமன்றம் பல மைல் தள்ளி இருக்கிறது. பஸ்ஸுக்குக் காசு, வக்கீலுக்குக் காசு, புரியாத ஆங்கிலம், வருஷக்கணக்கில் வாய்தா. ஊர் மன்றம் நடந்து போகும் தூரத்தில், தாய்மொழியில், சில நாட்களில் முடித்துவிடும். கான்யே சகோதரிகள் கடைசிவரை போக முடிந்ததென்றால் அவர்களுக்குத் துணையாக ஒரு மனித உரிமைச் சட்ட அமைப்பு நின்றது. எல்லோருக்கும் அந்தத் துணை கிடைக்காது.

அதற்காக இருப்பதை அப்படியே விட்டுவிடவும் முடியாது. தென்னாப்பிரிக்காவில் 2008-லும் 2012-லும் மரபு நீதிமன்ற மசோதா வந்தபோது கிராமத்துப் பெண்களே திரண்டு எதிர்த்தார்கள். தலைவருக்கு மட்டும் அதிகாரம் கூடுகிறது, எங்களுக்குப் பேச இடமில்லை என்றார்கள். மாகாணங்களின் ஆதரவு கிடைக்காமல் 2012 மசோதா 2014-ல் காலாவதியானது. பிறகு வந்த சட்டம் மன்றத்தில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்கிறது. ஆனால் எனக்கு இந்த மன்றம் வேண்டாம், அரசு நீதிமன்றத்துக்குப் போகிறேன் என்று விலகிக்கொள்ளும் உரிமையை முந்தைய வரைவில் வைத்துவிட்டுக் கடைசியில் எடுத்துவிட்டார்கள். இது தவறு என்றே நான் நினைக்கிறேன். துக்க உடையில் இருப்பதால் உள்ளே வரக் கூடாது என்று சொல்லும் மன்றத்திலேயே ஒரு பெண் நீதி கேட்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது எந்த வகையில் சரி?

தீர்ப்புகளுக்குப் பிறகு போட்ஸ்வானாவில் ஏதாவது மாறியதா?

மாறியது, ஆனால் மெதுவாக. கான்யே தீர்ப்பு வந்து இரண்டு வருஷம் கழித்து, 2015-ல் வந்த நிலக்கொள்கையில்கூட, கல்யாணமான பெண்ணுக்குக் கணவன் பேரில் ஏற்கெனவே மனை இருந்தால் அவள் பேரில் அரசு ஒதுக்கும் மனை கிடையாது என்று இருந்தது. கல்யாணமாகாதவளுக்குக் கிடைக்கும். கல்யாணமானவளுக்கு, கணவனிடம் மனை இல்லாவிட்டால்தான் கிடைக்கும். ஆக, கணவன் இறந்தாலோ துரத்திவிட்டாலோ அவளுக்கென்று ஒரு துண்டு நிலம்கூட இல்லாமல் போகலாம்.

2020 செப்டம்பரில் அந்த விதியைத் திருத்தினார்கள். இன்று அங்கே கல்யாணமான பெண், கணவனிடம் மனை இருந்தாலும், நில வாரியத்தில் தன் பெயரிலேயே விண்ணப்பம் போடலாம்.